வேம்பநாட்டுக் காயல் கரையில் அம்மாவும் நானும்

கிளம்புவதற்கு முன்

அம்மா ஊராட்சிப் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் சமையலராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் அடுப்பு பற்றவைத்தால் மதியம் பிள்ளைகள் சாப்பிட்டுக் கை கழுவும் வரை உட்காரவே முடியாத வேலை. "எங்கேயாவது போகலாமா அம்மா?" என்று கேட்டேன். "கோயில் வேண்டாம், மலை வேண்டாம். நிறையத் தண்ணி இருக்கற இடமாப் பாரு. ஒரு வேலையும் இல்லாம உக்காந்து பாக்கணும்" என்றார். அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் இந்தப் பயணத்தைத் திட்டமிட்டேன்.

கடல் யோசனையில் வந்து போனது. அலை ஓயாமல் அடிக்கும், மணலில் நடக்க அம்மாவின் முழங்கால் ஒத்துழைக்காது. ஏரி என்றால் சரி. கேரளத்தின் வேம்பநாட்டுக் காயல் ஏறக்குறைய 96 கிலோமீட்டர் நீளம், இந்தியாவிலேயே மிக நீளமான ஏரி. ஆலப்புழை, கோட்டயம், எர்ணாகுளம் என்று மூன்று மாவட்டங்களைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறது. பம்பை, மீனச்சில், மணிமலை, அச்சன்கோவில், மூவாற்றுப்புழை எல்லாம் இதில்தான் வந்து சேர்கின்றன. 2002-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. இவ்வளவு பெரிய காயலில் எங்கே போய் உட்காருவது என்பதுதான் கேள்வி.

வேம்பநாடு என்றதும் எல்லோரும் படகுவீடு என்பார்கள். நானும் விசாரித்தேன். நண்பகலில் ஏற்றுவார்கள், மாலை ஐந்தரை வாக்கில் கரையணைந்துவிடுவார்கள், காலையில் ஒரு சுற்று காட்டி இறக்கிவிடுவார்கள். இரவில் வரிசையாகக் கட்டிய படகுகளுக்கு நடுவே, ஜெனரேட்டர் சத்தத்தோடு தூங்க வேண்டிவரும். கொண்டாட்டமாகப் போகிற கூட்டத்துக்கு அது பிடிக்கும். உட்கார்ந்து பார்க்க வருகிறவருக்குக் கரையில் ஒரு வீடும் திண்ணையும்தான் பொருந்தும் என்று முடிவு செய்தேன்.

அடுத்தது எந்தக் கரை. காயல் வடக்குத் தெற்காக நீண்டு கிடப்பதால் மேற்குக் கரையில் தங்கினால் சூரியன் தண்ணீரிலிருந்து எழும். கிழக்குக் கரையில், அதாவது குமரகம் பக்கம், தண்ணீரில் இறங்கும். பெரிய விடுதிகள் பலவும் குமரகத்தில். 2000-ஆம் ஆண்டு இறுதியில் பிரதமர் வாஜ்பாய் ஓய்வுக்கு வந்து தங்கி, அங்கிருந்தே கட்டுரைகள் எழுதி வெளியிட்டார். அதன் பிறகு அந்தப் பெயர் நாடெங்கும் பரவியது. 2023-இல் ஜி20 நாடுகளின் பிரதிநிதிகளும் அங்கேதான் கூடினார்கள். அம்மா நாலரைக்கே எழுந்துவிடுகிறவர், மாலை மருந்துக்குப் பிறகு கண் சொக்கிவிடும். அவருக்குச் சூரிய உதயம்தான் லாபம். எனவே மேற்குக் கரையில், முகம்மா என்ற ஊரில், ஒரு குடும்பம் நடத்தும் தங்கும் வீட்டைப் பிடித்தேன்.

தொலைபேசியில் நான் கேட்டவை இவைதான்: கீழ்த்தளத்தில் அறை உண்டா, கழிவறை மேற்கத்திய முறையா, திண்ணையிலிருந்து தண்ணீர் தெரியுமா, கைவைத்த நாற்காலி இருக்கிறதா, படகில் ஏறும் இடத்தில் படிகளா பலகையா. எதிர்முனையில் இருந்த சேச்சி கடைசிக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். "மூணு படி. பிடிச்சுக்க கம்பி இல்ல. நான் ஆள் நிக்க வைக்கறேன்" என்றார். மழுப்பாமல் உள்ளதைச் சொன்ன அந்தப் பதிலுக்காகவே முன்பணம் அனுப்பினேன்.

மாதம் ஜனவரிக் கடைசி. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி கார்த்திகை மழையும் ஓய்ந்து, கிறிஸ்துமஸ் புத்தாண்டுக் கூட்டமும் கலைந்த நேரம். வலசைப் பறவைகள் இன்னும் திரும்பியிருக்காது. ஆகஸ்டு வாக்கில் ஆலப்புழையின் புன்னமடையில் நேரு கோப்பை வள்ளம்களி என்ற படகுப் போட்டி நடக்கும். அது பார்க்க வேண்டியதுதான், ஆனால் அமைதி தேடிப் போகிறவர் அந்த வாரத்தைத் தவிர்ப்பது நல்லது.

வியாழன்

சென்னையிலிருந்து ஆலப்புழைக்கு நேராகவே இரவு ரயில் இருக்கிறது. எர்ணாகுளம் தாண்டியதும் கடற்கரை வழித்தடத்தில் திரும்புகிறது. ஜன்னலுக்கு வெளியே தென்னை, குளம், வீடு, மறுபடி தென்னை. அம்மா டிபன் டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு, "இங்க வீட்டுக்கு வீடு குளம் இருக்கே" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

நிலையத்திலிருந்து முகம்மாவுக்கு ஆட்டோ. வீடு சின்னதுதான். ஓட்டுக் கூரை, சிவப்புச் சிமென்ட் திண்ணை, முன்னால் நாலு தென்னை, அதற்கு அப்பால் கருங்கல் கட்டிய கரை. பிறகு காயல். எதிர்க்கரை ஒரு மெல்லிய பச்சைக் கோடாகத்தான் தெரிகிறது. அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுவிட்டார்.

மதியம் செம்பா அரிசிச் சோறு, மோர்க் குழம்பு, வாழையிலையில் பொதிந்து சுட்ட கரிமீன். கரிமீன் கேரளத்தின் மாநில மீன். உவர்நீரிலும் நன்னீரிலும் வாழும். தாயும் தகப்பனும் சேர்ந்தே முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல் நிற்கும் மீன் இது. சேச்சி அதைச் சொன்னதும் அம்மா சாப்பிடுவதை நிறுத்தி ஒரு கணம் மீனைப் பார்த்தார். பிறகு முள்ளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

சாப்பிட்டு முடித்ததும் தட்டைத் தூக்கிக்கொண்டு கழுவுமிடம் தேடிப் போனவரைச் சேச்சி வழிமறித்தார். "அம்மா, இங்க நீங்க இருந்தா போதும்." அம்மாவுக்கு அது பழக இன்னும் நேரமாகும்.

பிற்பகலில் நல்ல காற்று. அரபிக்கடல் இங்கிருந்து மேற்கே பத்துக் கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. நிலம் சூடாகச் சூடாகக் கடல்காற்று எழுந்து காயலைத் தாண்டிக் கிழக்கே வீசுகிறது. நாங்கள் இருக்கும் கரையோரத்தில் தண்ணீர் அடக்கமாகவே இருந்தது. நடுக்காயலில் சிற்றலைகள் வெள்ளைவெள்ளையாகத் தெரிந்தன. துடுப்புப் படகில் போகிறவர்கள் விடியற்காலையை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று அதைப் பார்த்தால் புரியும். சின்னப் படகில் போக ஆசைப்படுகிற யாரும் ஏழு மணிக்கு முன்னால் ஏறி ஒன்பது ஒன்பதரைக்குள் திரும்பிவிடுங்கள். வெயிலுக்கும் அது நல்லது, காற்றுக்கும் நல்லது.

இன்றைக்கு வேறு ஒன்றும் இல்லை. வந்து சேர்ந்த நாளில் எதையும் வைத்துக்கொள்ளாதது நான் வேண்டுமென்றே செய்த ஏற்பாடு.

வெள்ளி

நாலரைக்கு அம்மா திண்ணையில். நானும் போர்வையோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இருட்டில் முதலில் சத்தம்தான் வந்தது. தட், தட் என்று படகின் விளிம்பில் எதையோ தட்டுகிறார்கள். வெளுத்த பிறகு பார்த்தால் ஒற்றை ஆள் வள்ளங்கள், கைவிரல்போல ஒல்லியானவை, இங்கும் அங்கும் நிற்கின்றன. ஒருவர் இரவு போட்ட வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். இன்னொருவர் தண்ணீரில் கழுத்தளவு நின்றுகொண்டிருந்தார், அவரது வள்ளம் இடுப்புக் கயிற்றில் கட்டியபடி பின்னால் மிதந்தது.

அவர் கக்கா எடுக்கிறவர். கறுப்புக் கக்கா என்ற சிப்பி இந்தக் காயலின் பெரிய செல்வம். நீண்ட மூங்கிலின் நுனியில் பல்வைத்த இரும்புச் சட்டமும் அதில் வலைப்பையும் கட்டியிருக்கும். அதை அடிமண்ணில் ஊன்றி வாரி, சேற்றை அலசி, வள்ளத்தில் கொட்டுகிறார்கள். சிலர் மூழ்கிக் கையாலேயே வாருகிறார்கள். வள்ளத்தின் விளிம்பு தண்ணீரைத் தொடும் அளவுக்குச் சுமை ஏறியதும் கரைக்குத் திரும்புகிறார்கள்.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு சேச்சி எங்களை நாலு வீடு தள்ளி அழைத்துப்போனார். அங்கே ஒரு கொட்டகை. பெரிய அலுமினியப் பானையில் கக்காவைக் கொட்டி மூடி, தென்னை மட்டையும் கொதும்பும் போட்டு எரிக்கிறார்கள். தண்ணீர் அதிகம் ஊற்றுவதில்லை. சிப்பி விடுகிற நீரிலேயே வேகிறது. ஐந்தாறு நிமிடத்தில் ஓடுகள் வாய்திறக்கின்றன. பானையை இறக்கிக் கம்பிச் சல்லடையில் கொட்டி இரண்டு பெண்கள் எதிரெதிராக நின்று ஆட்டுகிறார்கள். சள் சள் என்று சத்தம். சதை கீழே உதிர்கிறது, ஓடு மேலே நிற்கிறது. கொட்டகை முழுக்கக் கடல் வாசனையோடு புகை.

அம்மா பானையைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்த்தார். மட்டையின் அடிப்பக்கம் வெளியே வருகிற மாதிரி வைத்திருந்தார்கள். "இப்படி வச்சாத்தான் புகை நம்ம மேல வராது" என்று எனக்குச் சொன்னார். மொழி புரியாவிட்டாலும் அந்தப் பெண்ணுக்கு அது புரிந்துவிட்டது. மட்டையை இன்னும் கொஞ்சம் இழுத்துக் காட்டிச் சிரித்தார். இருவரும் கால்மணி நேரம் கையசைவிலேயே பேசிக்கொண்டார்கள். எத்தனை பேருக்குச் சமைத்தாய், எவ்வளவு பெரிய பானை, தோள் வலிக்குமா. அம்மா விரல்களை விரித்து விரித்துக் காட்டிப் பிள்ளைகளின் எண்ணிக்கையைச் சொன்னபோது அந்தப் பெண் கன்னத்தில் கைவைத்துக்கொண்டார்.

சதை கிலோ கணக்கில் விற்பனைக்குப் போகிறது. ஓடு குவியலாக வெளியே கிடக்கிறது. சுண்ணாம்புக்கும் சிமென்டுக்கும் அதை வாங்கிப்போவார்கள். காயலின் அடியில் காலகாலமாகப் படிந்து கிடக்கும் பழைய ஓடுகளையும் தோண்டி எடுத்திருக்கிறார்கள். மதியம் தேங்காய்த் துருவலோடு கக்கா இறைச்சித் துவட்டல் இலைக்கு வந்தது. கொஞ்சம் மெல்ல வேண்டும், மிளகு தூக்கலாக இருந்தது, நான் இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன்.

சுற்றுலா வருகிறவர்கள் இந்தக் காயலை வெறும் காட்சியாகப் பார்த்துவிட்டுப் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இது ஒரு பெரிய பணியிடம். படகுவீடுகள் மாலை ஐந்தரை வாக்கில் கரையணைந்துவிட வேண்டும் என்ற கட்டுப்பாடும் அதனால்தான். அதன்பிறகு காயல் வலைபோடுகிறவர்களுக்கு. படகுவீட்டின் அடியில் சுழலும் விசிறியில் வலை மாட்டினால் ஒரு குடும்பத்தின் அன்றைய கூலி போய்விடும். நீங்கள் படகுவீட்டில்தான் போகிறீர்கள் என்றால், "இன்னும் அரைமணி நேரம் ஓட்டுங்க" என்று ஓட்டுநரை நச்சரிக்காதீர்கள். உணவு மிச்சத்தையும் தட்டையும் தண்ணீரில் போடாதீர்கள். இதே தண்ணீரில்தான் அந்த மனிதர் கழுத்தளவு நிற்கிறார்.

சனி

இன்று காலை துடுப்பு வள்ளம். படகோட்டும் சேட்டன் ஆறு மணிக்கே வந்துவிட்டார். மூன்று படி, பிடிமானம் இல்லை. சேச்சி சொன்னபடி அவருடைய மகன் தண்ணீரில் இறங்கி நின்று அம்மாவின் கையைத் தன் தோளில் வைத்துக்கொண்டான். ஏறியதும் இருவருக்கும் மிதவைச் சட்டை. அம்மா முதலில் மறுத்தார், புடைவை கசங்கும் என்றார்.

சேட்டன் வற்புறுத்தவில்லை. முகம்மா படகுத்துறையின் பக்கம் கைகாட்டி, மெதுவான தமிழில் சொன்னார். 2002 ஜூலை 27 அன்று இங்கிருந்து குமரகம் போன அரசுப் படகு மூழ்கியது. 29 பேர் இறந்துபோனார்கள். கோட்டயத்தில் அரசுப் பணித் தேர்வு எழுதப் போய்க்கொண்டிருந்தவர்கள் அந்தப் படகில் நிறையப் பேர். படகில் ஏற்ற வேண்டியதற்கு மேல் கூட்டம். அம்மா பேசாமல் சட்டையை வாங்கி மாட்டி, வாரை இறுக்கச் சொன்னார். பயணத்துக்குத் திட்டம்போடும்போது மெத்தையையும் சாப்பாட்டையும் விசாரிக்கிறோமே, மிதவைச் சட்டை எத்தனை இருக்கிறது என்றும் கேட்டுவிட வேண்டும்.

பாதிராமணல் தீவு வரை போனோம். காயலின் நடுவே காடாகக் கிடக்கும் சிறு தீவு. கரையோரத்தில் அலையாத்தி மரங்களின் வேர், உள்ளே நடைபாதை. கடைகள் இல்லை. நீர்க்காகங்கள் பட்ட மரத்தில் சிறகை விரித்துக் காயவைத்திருந்தன. பாம்புத்தாரா ஒன்று கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்தியது. செம்பருந்து மேலே வட்டமிட்டது. தீவின் ஓரத்தில் ஆகாயத்தாமரை திட்டுத்திட்டாக ஒதுங்கியிருந்தது. அதன் இலைமீது இலைக்கோழி நடந்துபோவதை அம்மா கண்டுபிடித்துக் காட்டினார். நீண்ட விரல்களைப் பரப்பிவைத்து, அமிழாமல், ஒவ்வோர் இலையாகத் தேர்ந்தெடுத்து நடந்தது.

ஆகாயத்தாமரையைச் சேட்டனுக்குப் பிடிக்காது. துடுப்பில் சுற்றிக்கொள்ளும், வலையைக் கிழிக்கும். உப்புநீர் வந்தால் அது செத்துப்போகும், ஆனால் இப்போது உப்பு வரும் வழி அடைத்திருக்கிறது. வடக்கே தண்ணீர்முக்கம் தடுப்பணை. குட்டநாட்டு வயல்கள் கடல் மட்டத்துக்கும் கீழே கிடப்பவை. காயலுக்கு வரம்பு கட்டி, தண்ணீரை இறைத்து வெளியேற்றி உண்டாக்கிய நிலம். கோடையில் ஆற்றுநீர் குறையும்போது கடல்நீர் ஏறி நெல்லைக் கருக்கிவிடும் என்பதற்காக 1970-களில் கட்டிய அணை அது. டிசம்பர் நடுவில் மூடி மார்ச் நடுவில் திறப்பது ஏற்பாடு. அறுவடை தள்ளிப்போனால் திறப்பும் தள்ளிப்போகும். விவசாயிக்கு மூடியிருக்க வேண்டும், மீனவருக்குத் திறந்திருக்க வேண்டும். கக்கா குஞ்சு பொரிக்கக் கொஞ்சம் உப்பு வேண்டும். ஆற்றுக்கொஞ்சு என்ற பெரிய இறால் முட்டையிட உவர்நீர்ப் பக்கம் போய்வர வேண்டும். மதகு மூடியிருந்தால் இரண்டுக்கும் தட்டுப்பாடு.

"அப்ப யாரு சொல்றது சரி தம்பி?" என்று அம்மா கேட்டார்.

"ரெண்டு பேருக்கும் வயிறு உண்டு அம்மா" என்றார் சேட்டன். அவருடைய தம்பிக்கு அக்கரையில் வயல் இருக்கிறதாம்.

ஒன்பதுக்குள் திரும்பிவிட்டோம். அவியல் வாசனை வருகிற திண்ணையில் அம்மா மதியம் வரை தூங்கினார். பகலில் அவர் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

ஞாயிறு

இன்று கொஞ்சம் தூரம். ஆட்டோவில் வடக்கே, தடுப்பணைச் சாலையைக் கடந்து போகாமல் இக்கரையிலேயே தவணக்கடவு வரை. அங்கிருந்து படகில் அக்கரை வைக்கம். போகும் வழியில் தடுப்பணையைப் பார்த்தோம். ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம், மதகுகள் வரிசையாக இறங்கியிருந்தன. தெற்கே பச்சைத் திட்டுகளோடு தண்ணீர், வடக்கே வெறும் தண்ணீர். நேற்றுச் சேட்டன் சொன்ன உப்பின் கணக்கு கண்முன்னால் தெரிந்தது.

தவணக்கடவு வைக்கம் தடத்தில் ஓடும் 'ஆதித்யா' இந்தியாவின் முதல் சூரிய ஆற்றல் பயணிப் படகு. 2017 ஜனவரியிலிருந்து ஓடுகிறது, 75 பேர் அமரலாம். கேரள அரசின் நீர்வழிப் போக்குவரத்துத் துறையுடையது. டீசல் நாற்றமும் இயந்திர அதிர்வும் இல்லாததால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கிறது. அடிமட்டத்தில் தண்ணீர் உரசும் சத்தமும் கேட்கிறது. சைக்கிளோடு வந்த பையன், முழம்போட்ட பூவோடு கோயிலுக்குப் போகும் குடும்பம், கிழங்கு மூட்டை. கட்டணம் ஒரு டீ குடிக்கும் காசு அளவுதான். ஆயிரக்கணக்கில் செலவழித்துத் தனிப்படகு எடுக்க வசதியில்லாதவர்கள் வருந்தத் தேவையே இல்லை. முகம்மாவிலிருந்து குமரகத்துக்கும், ஆலப்புழையிலிருந்து கோட்டயத்துக்கும் இதே துறையின் படகுகள் இருக்கின்றன. காயலை நன்றாகப் பார்க்க அவற்றின் ஜன்னலோர இருக்கை போதும். நேரத்தை மட்டும் முந்தின நாள் துறையிலேயே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

வைக்கம் போகாமல் திரும்ப எனக்கு மனமில்லை. மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நடக்கவே கூடாது என்று இருந்தது. அதை எதிர்த்து 1924 மார்ச் 30 அன்று சத்தியாகிரகம் தொடங்கியது. தலைவர்கள் சிறைக்குப் போனதும் அழைப்பு ஏற்றுத் தமிழ்நாட்டிலிருந்து பெரியார் வந்தார். இரண்டு முறை சிறை சென்றார். நாகம்மையாரும் போராட்டத்தில் நின்றார். காந்தி 1925 மார்ச்சில் இந்தக் காயல் வழியாகப் படகில்தான் வைக்கத்துக்கு வந்து இறங்கினார். அதே ஆண்டு நவம்பரில் போராட்டம் முடிந்தபோது, கிழக்குத் தெரு நீங்கலாக மற்ற மூன்று தெருக்களும் எல்லோருக்கும் திறந்தன.

பெரியார் நினைவகம் புதுப்பிக்கப்பட்டு 2024 டிசம்பரில் திறக்கப்பட்டது. தமிழ்நாடு, கேரளம் இரண்டு மாநில முதல்வர்களும் வந்திருந்தார்கள். அம்மா உள்ளே படங்களை ஒவ்வொன்றாக நின்று பார்த்தார். வேலையில் சேர்ந்த புதிதில், அவர் சமைத்ததைத் தங்கள் பிள்ளை சாப்பிடக் கூடாது என்று சில வீடுகளில் டப்பா கட்டிக் கொடுத்து அனுப்பினார்களாம். எனக்கு அது இதுவரை தெரியாது. "அப்புறம் அந்தப் பிள்ளைகளே டப்பாவை ஒளிச்சு வச்சிட்டு வரிசையில வந்து நின்னுச்சுங்க" என்றார். வெளியே வந்ததும் கோயிலைச் சுற்றிய தெருவில் முழுச் சுற்று நடக்க வேண்டும் என்றார். முழங்கால் என்றேன். "மெதுவா நடக்கலாம்" என்றார். நான்கு பக்கமும் நடந்தோம், இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்து.

ஓய்வுப் பயணத்தில் இதைச் சேர்க்கலாமா என்று திட்டம்போடும்போது தயங்கினேன். நாளுக்கு ஒன்று, அதுவும் நண்பகலுக்குள் முடிகிற மாதிரி என்றால் தாராளமாகச் சேர்க்கலாம்.

திங்கள்

ரயில் பிற்பகலில்தான். குமரகம் பறவைகள் சரணாலயத்துக்குக் காலையில் போய்வந்துவிடலாம் என்று ஒரு திட்டம் கைவசம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பேக்கர் என்ற ஆங்கிலேயர் உண்டாக்கிய தோட்டம்தான் பின்னாளில் சரணாலயமானது. 14 ஏக்கர், காயல் ஓரமாகவே நடைபாதை. வக்காவும் நீர்க்காகமும் கூடுகட்டுவதைப் பார்க்க மழைக்காலமும், வலசை வரும் சிறகிகளைப் பார்க்க நவம்பர் முதல் பிப்ரவரி வரையும் ஏற்ற நேரம். அம்மாவிடம் கேட்டேன். "போகணும்னா போ. நான் இங்கயே இருக்கேன்" என்றார். நானும் போகவில்லை.

பதினோரு மணி வரை திண்ணையிலேயே இருந்தோம். மீசை ஆலாக்கள் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் பறந்தன. வாத்து மேய்ப்பவர் ஒருவர் நீண்ட கோலோடு வள்ளத்தில் பின்தொடர, நூற்றுக்கணக்கான வாத்துகள் ஒரே கூச்சலாகக் கரையோரம் நீந்திப்போயின. அறுவடை முடிந்த வயல் எங்கே இருக்கிறதோ அங்கே ஓட்டிப்போவார்களாம், சிந்திய நெல் இவற்றுக்கு. முழுக் கூட்டமும் கடந்து போக நேரம் பிடித்தது. அம்மா கடைசி வாத்து வரை பார்த்தார்.

சேச்சி அம்மாவுக்குக் குடம்புளி கொடுத்தார், கறுத்து, புகை மணத்தோடு. மீன் குழம்புக்கு மூன்று துண்டு போதும், கொதிக்கும் முன்பே போட்டுவிட வேண்டும், மண்சட்டியானால் மறுநாள் சாப்பிடுங்கள் என்றார். அம்மா மாற்றாக எதையாவது தர வேண்டுமே என்று தவித்து, கடைசியில் அவருடைய சமையலறைக்குள் உரிமையோடு நுழைந்து பருப்புப் பொடி அரைத்து வைத்துவிட்டு வந்தார். சேச்சியும் இந்த முறை வழிமறிக்கவில்லை.

ஆட்டோவில் ஏறியதுமே சித்திக்குப் போன் போட்டார். அடுத்த வருஷமும் இதே மாசம்தான், மழையில் வந்தால் கீழ் அறையில் ஈரம் ஏறுமாம், நீயும் வரணும் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். எனக்கு நீச்சல் தெரியாதே என்று சித்தி அந்தப் பக்கம் பதறியது எனக்கும் கேட்டது.

"எனக்கு மட்டும் தெரியுமா? சட்டை தர்றாங்கடி. வாரை மட்டும் நல்லா இறுக்கச் சொல்லணும்."